சின்னக் காரும் எண்ணெய் செல்லும் பாதையும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றின் மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ள பொருள் மோட்டார் காரைப் பற்றியது. தோட்டத்து மண்டபத்தில் காரைப் பற்றி என்ன பேச்சு என்று முன்னொரு காலத்தில் கேட்டிருப்பார்கள். அக்காலத்தில் துரை பங்களாவில் ஒரு கார், பெரிய கிராணியார் வீட்டில் ஒரு கார். மற்றவர்களுக்கு மிதிவண்டியே துணை. இன்றைய நிலைமை வேறு. காலையில் பால் வெட்டி முடித்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும், வாரச் சாமான் வாங்கவும், நள்ளிரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும் ஒரு பழைய கார் வீட்டு வாசலில் நிற்கிறது.

பெரும்பாலும் அது சிறிய காராகத்தான் இருக்கும். சருகுமானின் பெயரைத் தாங்கி 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரோடுவா கஞ்சில் அவற்றுள் ஒன்று. 660 சி.சி., 850 சி.சி. என்னும் இரு அளவுகளில் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு ஓடிய அந்த வண்டியின் உற்பத்தி 2009-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் இரண்டு கை, மூன்று கை மாறி, இன்னும் நம் செம்மண் பாதைகளில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டில் பிறந்த பழைய புரோட்டோன் சாகாவும் ஆங்காங்கே உண்டு. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி நேரும் கோளாறு, எண்ணெய் ஏறாமல் நின்று போவது. அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது, எதை நாமே சரிசெய்யலாம், எதை நாம் போர்மன் என்றழைக்கும் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும் என்பதை இன்று பார்ப்போம். இதில் பணமும் அடங்கியிருக்கிறது. அதைவிட மேலாக உயிரும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கார் நின்றதுமே "எண்ணெய் ஏறவில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் ஓடுவதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: பெட்ரோல், காற்று, நெருப்புப் பொறி. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். கன அளவில் கணக்கிட்டால் ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. ஆகவே காற்று வடிகட்டி செம்மண் தூசியால் அடைபட்டிருந்தாலும் வண்டி ஏறக்குறைய பெட்ரோல் கோளாறு போலவேதான் திணறும். பொறி கொடுக்கும் பிளக்கு தேய்ந்திருந்தாலும் அதே கதைதான். பாதி வண்டிகளில் பம்பைக் குறை கூறுகிறோம். பம்போ ஒரு பாவமும் அறியாதது.

எனவே முதற்கேள்வி: பெட்ரோல் எஞ்சினுக்குப் போய்ச் சேர்கிறதா, இல்லையா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை சாவியைத் திருப்பியும் பிளக்கின் முனை உலர்ந்து, வாடையின்றி இருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து வாடை வீசினால் பெட்ரோல் வந்திருக்கிறது. ஒன்று பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது. கரி படிந்து கறுத்திருந்தால் நெடுநாளாகவே பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. பால் வெட்டும் கை, பட்டையின் நிறத்தைப் பார்த்தே மரத்தின் நலனை அறியும் அல்லவா? பிளக்கின் நிறமும் அப்படிப்பட்டதே.

அடுத்து, பெட்ரோல் செல்லும் பாதையைக் கரும்பலகையில் ஒரு கோடாக வரைந்து காட்டினோம். வண்டியின் பின்புறத்தில் தாங்கி. அதிலிருந்து வண்டியின் அடிப்பாகத்தில் ஓடும் இரும்புக் குழாய். நடுவே ஒரு வடிகட்டி. கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகள் பலவற்றில், எஞ்சினோடு இணைந்த பம்பு ஒன்று அதை உறிஞ்சி இழுக்கிறது. அங்கிருந்து கார்புரேட்டரின் சிறு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. மிதவை உயர்ந்ததும் ஓர் ஊசி வால்வு வழியை அடைக்கும். கிண்ணத்திலிருந்து நுண்ணிய துளைகளின் வழியே பெட்ரோல் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகிறது. அவ்வளவுதான் பாதை. மரத்திலிருந்து மங்கு, மங்கிலிருந்து வாளி, வாளியிலிருந்து ஸ்டோர் என்று பால் போகும் வழியை அறிந்த நமக்கு இது புரியாத வித்தையன்று. ஸ்டோரில் பால் குறைந்தால் எந்த இடத்தில் சிந்தியது என்று வழிநெடுகத் தேடுகிறோம். எடுத்த எடுப்பில் புது வாளி வாங்குவதில்லை.

சோதனையைத் தொடங்கும் முன்னர் ஓர் எச்சரிக்கை. இதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திற்குக் கீழே 40 பாகை குளிரிலும் பெட்ரோலின் ஆவி பற்றிக்கொள்ளும் என்றால், நமது வெயிலில் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல், தண்ணீரைப் போலத் தரையோடு தவழ்ந்து, கால்வாயில் இறங்கி, பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் போய்ச் சேரும். கண்ணுக்கும் தெரியாது. ஆகையால் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். எஞ்சின் ஆறட்டும். புகைப்பவர் எட்டி நிற்கட்டும். பிள்ளைகள் அருகில் வர வேண்டாம். ஒரு வாளி மணலும், ஈரச் சாக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரைக் கொட்டக் கூடாது; எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். தீ கைமீறினால் விலகி ஓடி, 999 எண்ணில் தீயணைப்பு மீட்புப் படையை அழையுங்கள்.

நம் தோட்டங்களில் மூன்று பழக்கங்களைக் கண்டிருக்கிறோம். மூன்றும் விடப்பட வேண்டியவை. கார்புரேட்டரின் வாயில் மூடியளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஒருவர் சாவியைத் திருப்பச் சொல்வது முதலாவது. எஞ்சின் எதிர்த்து வெடித்தால் அந்த நெருப்பு ஊற்றியவரின் முகத்தில்தான் அடிக்கும். இரண்டாவது, குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் இறங்கினாலும் நுரையீரல் வெந்து போகும். அப்படி ஒருவர் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு அது மீண்டும் நுரையீரலுக்குள் போகலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மூன்றாவது, குடிநீர்ப் போத்தலில் பெட்ரோலை நிரப்பிச் சமையற்கட்டிலோ, சாமி விளக்கு எரியும் கூடத்திலோ வைத்திருப்பது. தாகத்தில் ஓடி வரும் பிள்ளைக்கு அது தண்ணீர் போத்தலாகத்தான் தெரியும்.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் தாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழைய வண்டியில் அளவு காட்டும் முள் பல நேரம் பொய் சொல்லும். சில லிட்டர் ஊற்றிய பிறகும் வண்டி கிளம்பவில்லையென்றால் மேலே செல்லலாம்.

கார்புரேட்டர் வண்டியில் ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். மற்றொருவர் எண்ணெய்க் கட்டையை ஒருமுறை முழுவதும் அழுத்தட்டும். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. தாங்கி, வடிகட்டி, பம்பு அனைத்தும் தம் கடமையைச் செய்திருக்கின்றன. ஒன்றுமே வரவில்லையென்றால் தடை பெரும்பாலும் கிண்ணத்திற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அரை நிமிடச் சோதனையில் பாதிப் பாதை தெளிவாகிவிட்டது.

தடை முன்னால் இருந்தால் வடிகட்டியைப் பாருங்கள். அது விலை குறைந்த பொருள். மேலே அம்புக்குறி இருக்கும். அது எஞ்சின் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திய வடிகட்டிகளை நாம் கண்டதுண்டு. உள்ளே செம்பழுப்பு நிறத் துகள் நிறைந்திருந்தால் தாங்கியின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். வடிகட்டியை மாற்றினால் அது ஓரிரு மாதங்களுக்கு ஓடும், மீண்டும் அடைபடும். தாங்கியை இறக்கிக் கழுவும் வரை அந்தக் கதை முடியாது. காலித் தாங்கியில் நிறைந்திருப்பது ஆவி. நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது. அந்த வேலையைப் பட்டறையில் விடுங்கள். ஓட்டை விழுந்த தாங்கியை வீட்டில் வைத்துப் பற்றவைப்பதை எவரும் கனவிலும் நினைக்க வேண்டாம்.

பம்பைச் சோதிக்க, அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு தகர டின்னில் விட்டு, பொறி வராதபடி காயிலின் கம்பியை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்ப வேண்டும். விட்டுவிட்டுத் துடிப்பாகப் பெட்ரோல் வந்தால் பம்பு நலம். பழக்கமுள்ளவர் ஒருவர் உடனில்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஆனால் பம்பின் நோயை அறிய வேறோர் அடையாளம் உண்டு. அதை யாரும் பார்க்கலாம். எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஊற்றாமலேயே அளவு கூடியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால், பம்பினுள் உள்ள சவ்வு கிழிந்து பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டவே கூடாது. மசகு நீர்த்துப்போய் எஞ்சினின் உறுப்புகள் தேய்ந்துவிடும். தீ அபாயமும் உண்டு.

இவ்விடத்தில் ஓர் உண்மைச் சம்பவத்தைக் கூறுகிறோம். நமக்கு அறிமுகமான பால் வெட்டுத் தொழிலாளி ஒருவரின் கஞ்சில், கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் நோக்கிப் போகும்போது பத்து தீகா தாண்டுவதற்குள் நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாதது போலக் கிளம்பும். சுபாங்கை நெருங்கும்போது மறுபடியும் நிற்கும். ஒரு பட்டறையில் பம்பை மாற்றினார்கள். மற்றொன்றில் கார்புரேட்டரைக் கழுவினார்கள். மூன்றாவது இடத்தில், "அண்ணே, இது உதவாது, இரும்புக் கடைக்குப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதச் சேமிப்பு கரைந்தது.

அவருடன் ஒருநாள் நாமும் பயணம் செய்தோம். வண்டி நின்றது. போனட்டைத் திறக்க வேண்டாம், பின்னால் போய் எண்ணெய் மூடியைத் திறங்கள் என்றோம். திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்டது. உடனே சாவியைத் திருப்பினார், கிளம்பியது.

இனிப்புக் கட்டிப்பால் டின்னில் ஒரே துளை போட்டுக் கவிழ்த்தால் பால் விழுவதில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் விழும். இதை நம் தாய்மார்கள் அனைவரும் அறிவார்கள். தாங்கியிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்ப ஒரு லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். அந்த வண்டியில் காற்று புகும் மெல்லிய குழாயின் வாயில் மண் குளவி கூடு கட்டியிருந்தது. மூடியில் உள்ள சிறு வால்வும் அழுக்கேறி ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலை இழுக்க இழுக்கத் தாங்கிக்குள் வெற்றிடம் மிகுந்து, பம்பு தோற்றுப் போனது. பத்து நிமிடத்தில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போனதும் வண்டி மீண்டது. குளவிக் கூட்டைத் தட்டி, மூடியை மாற்றியதோடு அந்த நோய் தீர்ந்தது. பழைய பம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. மரம் சூழ்ந்த இடத்தில் வாழும் நமக்குக் குளவித் தொல்லை புதிதன்று. வண்டி நெடுநாள் நின்றிருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இதே போல நின்று, இதே போலச் சிறிது நேரத்தில் கிளம்பும் இன்னொரு கோளாறும் உண்டு; அதற்குக் காரணம் வேறு. தீபாவளிக்கு முந்திய வாரம் துணிமணி வாங்கப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகிறோம். துன் சம்பந்தன் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசையாக நிற்கின்றன. செங்கல் சூளைகள் இருந்தமையால் அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது. சூளைகள் போய்விட்டன, சூடு மட்டும் போகவில்லை. வண்டி நகராமல் நிற்க, எஞ்சின் வெப்பம் போனட்டுக்குள் தேங்குகிறது. குழாயில் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. பம்பு திரவத்தை இழுக்கவல்லது. ஆவியை அதனால் இழுக்க முடியாது. வண்டி நின்றுவிடும். இங்கே மூடியைத் திறந்தால் பயனில்லை. ஓரமாக நிறுத்தி, போனட்டைத் திறந்துவைத்து, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணி போடலாம். அடுத்த முறை நேராதிருக்க, பெட்ரோல் குழாய் புகைக்குழாயைத் தொடுமளவுக்குச் சாய்ந்திருக்கிறதா, பழைய பழுதுபார்ப்பில் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்களா, ரேடியேட்டர் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே வண்டி எப்போது நிற்கிறது என்பதைக் குறித்துவைப்பது பாதி வைத்தியம். காலைக் குளிரிலா, வெயிலிலா, மேட்டில் ஏறும்போதா, சிவப்பு விளக்கில் நிற்கும்போதா? மேட்டிலும் வேகத்திலும் வலுவிழந்து, சமதரையில் நன்றாக ஓடினால் வடிகட்டியோ பம்போ போதிய பெட்ரோலைத் தரவில்லை. வேகத்தில் நன்றாக ஓடி, நிற்கும்போது அணைந்தால் கார்புரேட்டரின் நுண்துளை அடைபட்டிருக்கலாம், அல்லது எங்கோ வெளிக்காற்று புகுகிறது. பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் இதற்குப் போதும்.

பெட்ரோல் குறைவதைப் போலவே மிகுவதும் நோய்தான். கறும்புகை, கடும் வாடை, எண்ணெய்ச் செலவு என்று அது வெளிப்படும். ஊசி வால்வில் ஒரு துகள் சிக்கினால் கிண்ணம் நிரம்பி வழியும். மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தாலும் அப்படியே. குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்புவதற்கென்று அமைந்த சோக்குத் தகடு ஒட்டிக்கொண்டாலும் அப்படியே. வழிந்த பெட்ரோல் சூடான எஞ்சினில் விழுவதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கார்புரேட்டரைத் திறந்து கழுவுவது நுட்ப வேலை. நுண்துளைகளில் கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெருத்து, பெட்ரோல் செலவு நிரந்தரமாகக் கூடிவிடும். காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். வேறு சிலர் விலை கூடிய ரோன் 97 ஊற்றினால் அழுக்கு போய்விடும் என்று நம்புகிறார்கள். அந்த எண் பெட்ரோலின் வலுவையோ தூய்மையையோ குறிப்பதன்று. எஞ்சினில் தட்டல் ஓசை எழாமல் தாங்கும் தன்மையைக் குறிப்பது. நம் சின்னக் காருக்கு ரோன் 95 போதும்.

இனி, நம் தொழிலோடு நேராகத் தொடர்புடைய ஒன்றைக் கூற விரும்புகிறோம்: பெட்ரோல் குழாய். ரப்பர்க் குழாய் என்று பொதுவாகச் சொல்லுகிறோம். ஆனால் நாம் வெட்டும் பாலிலிருந்து வரும் ரப்பரால் பெட்ரோல் குழாய் செய்ய இயலாது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒட்டுப்பால் துண்டொன்றை மூடியுள்ள டின்னில் பெட்ரோல் விட்டு ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்திருக்கிறோம். காலையில் அது பல மடங்கு ஊதிக் கொழகொழவென்று கிடந்தது. மிதிவண்டி டியூபு ஒட்டும் பசையும் இந்தத் தன்மையால் விளைந்ததே. பெட்ரோலைப் போன்ற கரைப்பானில் ரப்பரைக் கரைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். பெட்ரோலும் இயற்கை ரப்பரும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரே குடும்பத்துப் பொருள்கள். ஆகவே ஒன்று மற்றொன்றுக்குள் எளிதாகப் புகுந்துவிடுகிறது.

இதற்கென்றே 1930-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். அதில் நைட்ரஜன் கலந்த பகுதி இருப்பதால் பெட்ரோல் உள்ளே புக இயலுவதில்லை. கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலைகளில் செய்யும் நீல நிறக் கையுறைகள் பலவும் அந்த நைட்ரிலே. டயருக்கு நம் மரத்தின் ரப்பர் இன்றியமையாதது. விமானத்தின் டயர் முதல் பெரிய லாரியின் டயர் வரை அதன் உறுதிக்கு ஈடில்லை. பெட்ரோல் குழாய்க்கு மட்டும் அது ஆகாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறோம் என்றால், கசியும் குழாயின் மேல் டியூபுத் துண்டைச் சுற்றிக் கட்டுவதும், கிடைத்த ரப்பர்க் குழாயைச் செருகிவிடுவதும் நம்மிடையே வழக்கம். முதல் நாள் கசிவு நிற்கும். சில நாளில் அந்தத் துண்டு ஊதித் தளர்ந்து, ஓடும்போது நழுவிவிடும். பெட்ரோல் நேரே சூடான புகைக்குழாய் மேல் கொட்டும். பெட்ரோலுக்கென்றே செய்து, குழாயின் மேலேயே அவ்வாறு அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். இரு முனையிலும் இறுக்கும் வளையம் போடுங்கள். இருபது, முப்பது ஆண்டு கண்ட வண்டியில் நைட்ரில் குழாயும் காய்ந்து வெடித்திருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் குழந்தைகளை ஏற்றாதீர்கள்.

2007-இல் வந்த விவா, 2014-இல் வந்த அக்சியா போன்ற வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. தாங்கிக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்பு பெட்ரோலைத் தள்ள, கணினி அளந்து பீய்ச்சுகிறது. இவற்றில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை "ஆன்" நிலைக்குத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் உடனே பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பியூசைப் பாருங்கள், அடுத்து ரிலேயைப் பாருங்கள். அதே எண் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் அதைக் கழற்றி இதன் இடத்தில் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. குழாயை மட்டும் கழற்றாதீர்கள். அதனுள் இருக்கும் அழுத்தம் பெரும்பாலும் நம் காரின் டயரில் அடைக்கும் காற்றைவிட மிகுதி. கார்புரேட்டர் வண்டிக் குழாயும் இதற்கு ஆகாது. உயர் அழுத்தக் குழாய் வேண்டும்.

பத்து வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றி, முள் அடியைத் தொடும் வரை ஓட்டுவது நம்மில் பலருக்கு வழக்கம். கூலி நாள் வரை கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமே என்பதை நாம் உணராமல் இல்லை. ஆனால் அந்த மின்பம்பைக் குளிரச் செய்வது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டினால் பம்பு சூடேறி முன்னதாகவே கெடும். காலியான பிறகு பத்து வெள்ளி ஊற்றுவதைவிட, கால் தாங்கி இருக்கும்போதே அதே பத்து வெள்ளியை ஊற்றிவந்தால் செலவு ஒன்றுதான், பம்பு பிழைக்கும்.

இறுதியாகத் தண்ணீர். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரையளவுக்கு நீர் ஏறியது. வாசலில் நின்ற கார்கள் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது. தாங்கியின் காற்றுக் குழாய் வழியாகவும், மூடியின் வழியாகவும் தண்ணீர் புகுந்திருக்கும். பாலில் மழைநீர் கலந்தால் கண்ணால் கண்டறிய முடியாது. கிராணி மெட்ரோலாக்கை இட்டுப் பார்த்தால்தான் தெரியும். பெட்ரோல் அப்படியன்று. தாங்கியின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், தண்ணீர் அடியில் தனியாகப் படிந்து, நடுவே ஒரு கோடு தெரியும். அடியில் படிவதால்தான் பம்பு முதலில் தண்ணீரையே இழுக்கிறது. தாங்கி முழுவதையும் வடித்துக் கழுவி, எஞ்சின் எண்ணெயையும் மாற்றிய பின்னரே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய வண்டி வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். இருக்கைக்கு அடியில் சேற்றுக் கறை, பாதுகாப்பு வாரை முழுவதும் இழுத்தால் அதன் உட்பகுதியில் பழுப்புக் கோடு, விரிப்பின் அடியில் துருப்பிடித்த ஆணி ஆகியவை வெள்ளம் கண்ட வண்டியின் அடையாளங்கள்.

போர்மனிடம் போகும்போது, "பம்பை மாற்றுங்கள்" என்று நாமே மருந்து எழுதிக்கொண்டு போக வேண்டாம். எப்போது நிற்கிறது, பிளக்கு எப்படி இருந்தது, தொண்டையில் பெட்ரோல் பீய்ச்சியதா, மூடியைத் திறந்தபோது ஓசை கேட்டதா என்ற நான்கையும் சொல்லுங்கள். திறமையும் நேர்மையும் உள்ள போர்மன்கள் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறார்கள். இத்தகவல் அவர்களுக்கும் நேரத்தை மிச்சப்படுத்தும். மாற்றிய பழைய உறுப்பைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின்னர், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய் இணைப்புகளைக் கைவிளக்கால் ஒருமுறை பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள். கேள்விகள் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். வண்டியோடு வந்திருப்பவர்கள் வெளியே மரத்தடியில் நிறுத்துங்கள். காற்றுக் குழாய் எங்கே இருக்கிறதென்று நேரில் காட்டுகிறோம்.